உண்மைய மொதல்ல யார்கிட்ட சொல்றது? குடியோ மாத்திரையோ விடணும்னு நினைக்கிற பொண்ணுங்களுக்கு

"எவ்வளவு குடிப்பீங்க?"ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. "எப்பவாச்சும் தான் மேடம், ஏதாவது ஃபங்ஷன்னா"ன்னு சொன்னேன். அவங்க ஃபார்ம்ல எழுதிட்டு கையெழுத்துப் போடச் சொல்லி பேனாவ நீட்டினாங்க, வாங்கினேன், என் பேரோட மொத எழுத்தே கோணலா ஓடுது, கடைசியில இடது கையால வலது மணிக்கட்டப் பிடிச்சுக்கிட்டு தான் போட்டு முடிச்சேன். அவங்க அதப் பாத்தாங்க. அவங்க பாத்தத நானும் பாத்தேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல. பொய்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்ச ஒரு பொய் அப்படியே ஃபைலுக்குள்ள போயிடுச்சு, அதுக்கப்புறம் நான் வாயத் திறக்க இன்னும் ரெண்டு வருஷம் ஆச்சு.

இப்ப குடியும் இல்ல, தூக்க மாத்திரையும் இல்ல, சில வருஷம் ஓடிடுச்சு. புதுசா வர்ற பொண்ணுங்க என்கிட்ட கேக்கறது பெரும்பாலும் "எப்படி விடறது"ன்னு இல்ல. யார்கிட்ட சொல்றது, எவ்வளவு சொல்றது, சொன்னா என் கதி என்ன, இது தான் கேள்வி. "உண்மையா இரும்மா"ன்னு சொல்ல ஆயிரம் பேர் இருக்காங்க, ஆனா உண்மை சொல்றதுக்கு ஒரு வரிசை இருக்குன்னு யாரும் சொல்றதில்ல. வரிசை தப்பி, அழுகை வந்த வேகத்துல மொத நாளே வீட்டுல எல்லார் முன்னாடியும் கொட்டித் தீத்துட்டோம்னா, அவங்க முகம் போற போக்கப் பாத்துட்டு அன்னிக்கு ராத்திரியே மறுபடியும் பாட்டில தேடுவோம். நான் அப்படி தான் தேடினேன். அதனால எனக்குத் தெரிஞ்ச வரிசைய எழுதறேன்.

வரிசைக்கு முன்னாடி ஒரு விஷயம்

ஆம்பள குடிச்சா திட்டுவாங்க, திட்டிட்டு கதவத் திறந்து விடுவாங்க. பொண்ணு குடிச்சா "நீயெல்லாம் ஒரு அம்மாவா"ன்னு தான் ஆரம்பமே. அதனால நாம குடிக்கறத விட ஒளிக்கறதுல தான் பெரிய கெட்டிக்காரிங்க ஆயிடறோம். நான் காலி பாட்டில் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு சத்தம் வரக்கூடாதுன்னு துண்டு சுத்தி வாஷிங் மெஷின்ல அழுக்குத் துணிக்கு அடியில வெப்பேன், வேற யாரும் துணி போடக்கூடாதுங்கறதுக்காகவே அந்த வேலைய யாருக்கும் விட்டுக் கொடுக்க மாட்டேன், வீட்டுல எனக்கு நல்ல பேரு வேற, எவ்ளோ பொறுப்பா இருக்கா பாருன்னு.

"தப்பு பண்ணிட்டேன்"ங்கறது நாம செஞ்ச ஒரு காரியத்தப் பத்தினது. "நானே ஒரு அசிங்கம்"ங்கறது ஆளப் பத்தினது. தப்புன்னா சரி பண்ண ஏதாவது செய்யலாம், மன்னிப்பு கேக்கலாம், உடைச்சத ஒட்டலாம். ஆளே அசிங்கம்னா என்ன பண்ண முடியும், ஒளிஞ்சுக்கறதத் தவிர? ஒளிஞ்ச இடத்துல தானே பாட்டிலும் இருக்கு. ஜூன் டேங்னின்னு ஒரு சைக்காலஜிஸ்ட் ரொம்ப காலமா இதத் தான் ஆராய்ச்சி பண்ணாங்க, அசிங்கப்படற சுபாவம் தூக்கலா இருக்கறவங்ககிட்ட குடி, போதைப் பிரச்சனையும் அதிகமா இருந்துச்சு, செஞ்ச காரியத்துக்காக வருத்தப்படற சுபாவம் இருக்கறவங்ககிட்ட அப்படி இல்ல. அதனால "உனக்கு வெக்கமே இல்லையா"ன்னு கேட்டு யாரையும் குடிய விட வைக்க முடியாது, அந்த வெக்கம் ஏற்கனவே தேவைக்கு மேல இருக்கறதுனால தான் இந்த நிலைமை.

1. உங்களுக்கு நீங்களே

1984ல ஜான் யூயிங்ங்கற டாக்டர் நாலே நாலு கேள்வி எழுதி வெளியிட்டாரு, இன்னிக்கும் உலகம் பூரா டாக்டருங்க கேக்கறாங்க. குறைச்சுக்கணும்னு எப்பவாவது நினைச்சீங்களா, யாராவது உங்க குடியப் பத்தி பேசி எரிச்சல் வந்திருக்கா, குடிச்சதுக்காக குற்ற உணர்ச்சி வந்திருக்கா, காலைல எந்திரிச்சதும் நடுக்கத்த நிறுத்த மொத வேலையா குடிச்சிருக்கீங்களா. ரெண்டுக்கு ஆமான்னா கவனிக்க வேண்டிய விஷயம். ஆனா இந்த டெஸ்ட் பொண்ணுங்க விஷயத்துல சில பேரத் தவற விட்டுடும், ஒளிச்சுக் குடிக்கறவளப் பாத்து எரிச்சல் படற மாதிரி பேச யாரு இருக்கா? அதனால ஒரு "ஆமா" வந்தாலே அடுத்த ஸ்டெப்புக்குப் போயிடுங்க, உக்காந்து மார்க் எண்ணிக்கிட்டு இருக்காதீங்க.

2. டாக்டர்கிட்ட, நம்பரோட

அடுத்து வரப் போற நோட்டுக்கும் தோழிக்கும் முன்னாடி இத வெச்சதுக்குக் காரணம் இருக்கு, மத்த இடத்துல பொய் சொன்னா மனசு தான் கெடும், இங்க சொன்னா உயிருக்கே ஆபத்து.

தினமும் நிறைய குடிச்சுப் பழகின உடம்புல திடீர்னு நிறுத்தினா 6 மணி நேரத்துல இருந்து ஒரு நாளைக்குள்ள நடுக்கம், வேர்வை, படபடப்பு ஆரம்பிக்கும். வலிப்பு வந்தா பெரும்பாலும் மொத ரெண்டு நாளைக்குள்ள. ரெண்டுல இருந்து நாலு நாளைக்குள்ள சில பேருக்கு நினைவு தடுமாறி, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், வைத்தியம் பாக்கலன்னா சாவு வரைக்கும் போகும். தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் கொடுக்கற அல்பிரஸோலம், குளோனஸெபாம், டயஸெபாம் மாதிரி மாத்திரையும் இதே கதை தான், பழகிட்டா பட்டுன்னு நிறுத்தக்கூடாது, கொஞ்சம் கொஞ்சமா குறைக்கணும். "வைராக்கியமா இன்னியோட நிறுத்தறேன்"ன்னு ரூம்ல கதவச் சாத்திக்கறது வீரம் கிடையாது. தயவு செஞ்சு பண்ணாதீங்க.

வாய் வரலன்னா பேப்பர்ல எழுதிக் கொடுங்க, நான் கடைசியில அப்படி தான் கொடுத்தேன், கொடுத்துட்டு ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுல இருக்க வேண்டியது: ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியா எப்ப, என்னென்ன மாத்திரை எத்தனை, முன்னாடி நிறுத்தினப்ப வலிப்பு வந்துச்சா, கர்ப்பமா இருக்கீங்களா, பால் கொடுக்கறீங்களா. "கொஞ்சம்", "எப்பவாச்சும்" இந்த ரெண்டு வார்த்தையும் அந்தப் பேப்பர்ல இருக்கக்கூடாது.

ஏன் இவ்ளோ கறாரா சொல்றேன்னா, குடிக்கற ஆசையக் குறைக்க நால்ட்ரெக்ஸோன்னு ஒரு மருந்து கொடுப்பாங்க, நல்ல மருந்து தான், ஆனா நீங்க அபின் வகையைச் சேர்ந்த வலி மாத்திரையும் எடுத்துக்கிட்டு அத மறைச்சுட்டீங்கன்னா, அந்த மருந்து உள்ள போனதும் ஒரேடியா கடுமையான வித்ட்ராயல்ல, அதாவது போதை திடீர்னு நின்னா உடம்பு படற பாட்டுல, தள்ளி விட்டுடும். கர்ப்பமா இருக்கறவங்க அபின் வகை போதைய திடீர்னு நிறுத்தினா குழந்தைக்கும் ஆபத்து, அதுக்கு மெத்தடோன், புப்ரினார்ஃபின்னு டாக்டர் மேற்பார்வையில கொடுக்கற வழி இருக்கு.

இன்னொண்ணு. நம்ம உடம்புல ஆம்பளைங்களுக்கு இருக்கறத விட தண்ணிச் சத்து குறைவு, அதனால அதே அளவு குடிச்சாலும் நம்ம ரத்தத்துல ஆல்கஹால் அடர்த்தியா நிக்கும், ஈரலும் சீக்கிரம் அடி வாங்கும். மொத கிளாஸ்ல இருந்து அடிமையாகற வரைக்கும் போற தூரமும் பொண்ணுங்களுக்கு குறைவா இருக்குன்னு டாக்டருங்க ரொம்ப நாளா சொல்றாங்க. "அவ்ளோ குடிக்கற அவனே நல்லா இருக்கான், நான் ஏன் இப்படி வீக்கா இருக்கேன்"ன்னு உங்கள நீங்களே கரிச்சுக் கொட்டறத இதோட நிறுத்திக்கலாம்.

அந்த டாக்டர் உங்கள அசிங்கமாப் பாத்தா? பாப்பாங்க சில பேர். வேற டாக்டரப் பாருங்க. வைத்தியத்த மட்டும் விட்டுடாதீங்க.

3. நோட்டுல

உடம்பு கொஞ்சம் நிதானத்துக்கு வந்த பிறகு. மொத வாரத்துல எழுத உக்காந்தா அழுகை தான் வரும், எழுத்து வராது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மாதிரி, குடிய விட நினைக்கறவங்க ஒண்ணா உக்காந்து பேசி பன்னிரண்டு படியா முன்னேறற குரூப்கள்ல நாலாவது படி இதான், பயப்படாம உன்னையே ஒரு கணக்கெடுன்னு சொல்லுவாங்க. நான் பண்ண முறை ரொம்ப சிம்பிள், பக்கத்த மூணாப் பிரிச்சேன்: என்ன மறைச்சேன், யார்கிட்ட மறைச்சேன், தெரிஞ்சா என்ன ஆகும்னு பயந்தேன். ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், அலாரம் வெச்சுக்கிட்டு, அடிச்சதும் மூடி வெச்சிடணும், இல்லன்னா அது தன்னையே சாட்டையால அடிச்சுக்கற வேலையா மாறிடும். மூணாவது பத்தியில பெரும்பாலும் ஒரே பதில் தான் திரும்பத் திரும்ப வரும், உங்களுது என்னன்னு எனக்குத் தெரியாது, எனக்கு "விட்டுட்டுப் போயிடுவாங்க"ன்னு வந்துச்சு, பதினேழு தடவ.

உங்களுக்கு மத்தவங்க செஞ்ச கொடுமைய உங்க தப்பு லிஸ்ட்ல எழுதாதீங்க. இத நிறைய பொண்ணுங்க பண்றாங்க, அடி வாங்கினதையும், சின்ன வயசுல யாரோ தொட்டதையும் தன் கணக்குல ஏத்தி வெச்சிருப்பாங்க. அது உங்க கணக்கே இல்ல, அதுக்குத் தனியா ஒரு கவுன்சிலர் கூட உக்காந்து பேசணும், அவசரம் இல்ல.

வீட்டுல இந்த நோட்டு யார் கையிலயாவது சிக்கினா அடி விழும், இல்ல கோர்ட்டுல காட்டுவாங்கன்னு பயம் இருந்தா நோட்டே வேணாம். எழுதி, படிச்சு, கிழிச்சுப் போடுங்க. எழுதினதுல பாதி வேலை முடிஞ்சுது.

4. ஒரே ஒரு பொண்ணுகிட்ட

எல்லாத்துலயும் கஷ்டமானது இதான், அதிகமா பலன் தர்றதும் இதான். டாக்டர்கிட்ட சொன்னது உடம்போட கணக்கு. இது மனுஷிகிட்ட சொல்றது.

யாரு? உங்க கூட சேந்து குடிச்சவ வேணாம். உங்கள காதலிக்கறவங்க, நீங்க காதலிக்கறவங்க வேணாம். அடுத்தவ ரகசியத்த உங்ககிட்ட வந்து சொல்றவ சத்தியமா வேணாம், நாளைக்கு உங்களுது எங்க போகும்னு அவளே காட்டிட்டா. முடிஞ்ச வரைக்கும் இந்தப் பாதையில உங்களுக்கு முன்னாடி நடந்த ஒருத்தி, குரூப்ல ஸ்பான்சர்னு சொல்லுவாங்க, பொண்ணுக்கு பொண்ணு தான்ங்கறது அங்க ஒரு நல்ல பழக்கம். மொதல்ல ஒரு சின்ன உண்மைய சொல்லிப் பாருங்க. ஒரு வாரம் கழிச்சு அது எங்கயாவது சுத்திக்கிட்டு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அடுத்தது.

எனக்குக் கிடைச்ச அக்கா, நான் போனப்ப துணி மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. உக்காரு, சொல்லுன்னாங்க, மடிக்கறத நிறுத்தல. நான் ஆறு வருஷமா யார்கிட்டயும் சொல்லாதத சொன்னேன், மக காய்ச்சல்ல கிடந்த ராத்திரி அவளுக்கு மருந்து எடுக்கப் போன நான், அங்கயே ஒளிச்சு வெச்சிருந்தத குடிச்சுட்டு பாத்ரூம் தரையில தூங்கிட்டேன்னு. அக்கா ஒரு தலையணை உறைய நாலா மடிச்சு மேல வெச்சாங்க. "எவ்ளோ நேரம்?"

"தெரியல. ரெண்டு மணி நேரம் இருக்கும்."

"காய்ச்சல்?"

"காலைல எறங்கிடுச்சு."

"ம்ம். அடுத்தது சொல்லு."

எனக்கு உண்மையில கோவம் தான் வந்துச்சு. கத்துவாங்க, இல்ல கட்டிப் பிடிச்சு அழுவாங்கன்னு நினைச்சுட்டுப் போனேன், இவங்க என்னடான்னா என் ஆறு வருஷத்த ரெண்டு தலையணை உறைக்கு நடுவுல வெச்சு மடிச்சுட்டாங்க. வீட்டுக்கு வந்து படுத்தப்ப தான் தோணுச்சு, அது அந்த சைஸ் தான் போல.

அதனால கேக்கறவங்க "ஐயய்யோ"ன்னு நெஞ்சுல கை வெக்கறவங்களா இருக்கக்கூடாது, "அதெல்லாம் ஒண்ணுமே இல்லடி விடு"ன்னு தடவிக் கொடுக்கறவங்களாவும் இருக்கக்கூடாது. நடந்தத நடந்த அளவுக்குக் கேக்கறவங்களா இருக்கணும்.

சாகணும்ங்கற நினைப்பு வந்தா மட்டும் இந்த வரிசை எதுவும் கிடையாது. பக்கத்துல யார் இருக்காங்களோ அவங்ககிட்ட, அந்த நிமிஷமே சொல்லிடணும், இல்லன்னா நேரா ஆஸ்பத்திரி எமர்ஜென்சி.

5. குரூப்ல

1935ல ரெண்டு ஆம்பளைங்க சேந்து ஆரம்பிச்சது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அங்க மொத சில வருஷம் பொண்ணுங்க வந்தா என்ன பண்றதுன்னே தெரியாம முழிச்சிருக்காங்க. மார்ட்டி மேன்ங்கற அம்மா 1939ல உள்ள வந்து தெளிஞ்சு, 1944ல குடி ஒரு வியாதி, அதுல ஒளிக்க ஒண்ணும் இல்லன்னு ஊர் ஊரா பேச ஒரு அமைப்பே ஆரம்பிச்சாங்க, தன் பேரச் சொல்லி, ஒரு பொண்ணு, அந்தக் காலத்துல. அப்புறம் 1975ல ஜீன் கர்க்பாட்ரிக், விமன் ஃபார் சோப்ரைட்டின்னு பொண்ணுங்களுக்குன்னே தனியா ஒண்ணு தொடங்கினாங்க. ஏற்கனவே தன்ன ஒண்ணுமில்லாதவளா நினைச்சுக்கிட்டு இருக்கற பொண்ணுகிட்ட போய் பன்னிரண்டு படியில சொல்ற மாதிரி "இன்னும் பணிஞ்சு போ"ன்னு சொன்னா எப்படி, அவளுக்கு வேண்டியது தன் மேல ஒரு மதிப்பு தானேங்கறது அவங்க கட்சி. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கறதா படுது, நான் பன்னிரண்டு படி வழி வந்தவ, ஆனா மொத வருஷம் பொண்ணுங்க மட்டும் இருக்கற மீட்டிங்குக்கு தான் போனேன்.

போனா என்ன நடக்கும்? பெருசா ஒண்ணும் நடக்காது. உக்காருவீங்க, பேரு மட்டும் சொன்னா போதும், அதுவும் சொல்ல வேணாம்னா வேணாம், "இன்னிக்கு கேக்க வந்தேன்"ன்னு சொல்லிட்டா அடுத்தவங்களுக்குப் போயிடும். குடிக்கறத நிறுத்தணும்ங்கற ஆசை இருந்தா போதும், வேற தகுதி கிடையாது. காசு தட்டு சுத்தி வரும், புதுசா வந்தவங்க போடணும்னு இல்ல. ஓப்பன் மீட்டிங்னா யாரும் வரலாம், க்ளோஸ்டுன்னா இந்தப் பிரச்சனை இருக்கறவங்க மட்டும். மொதல்ல க்ளோஸ்டு தேடுங்க.

ரெண்டு எச்சரிக்கை. புதுசா வர்ற பொண்ணுங்கள "ஹெல்ப் பண்றேன்"ன்னு வழியற பழைய ஆளுங்க சில இடத்துல உண்டு, அதுக்கு "பதிமூணாவது படி"ன்னு கிண்டலா ஒரு பேரே இருக்கு, அப்படி யாராவது நெருங்கினா அன்பு கருணைன்னு குழப்பிக்காம அங்க மூத்த பொண்ணு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டு நகந்துடுங்க. அடுத்தது, டாக்டர் கொடுத்த மாத்திரைய "அதுவும் போதை தான், நிறுத்து"ன்னு சில பேர் உபதேசம் பண்ணுவாங்க. நிறுத்தாதீங்க. அவங்க டாக்டர் இல்ல.

6. வீட்டுல, அளந்து

இது ஆறாவதா வர்றதப் பாத்து சில பேருக்கு குறுகுறுன்னு இருக்கும், புருஷன்கிட்ட அம்மாகிட்ட சொல்லாம வெளியில யார்கிட்டயோ சொல்றதான்னு. வீட்டுல இருக்கறவங்க ஏற்கனவே உங்களால அடிபட்டவங்க. நம்ம பாரத்த இறக்கி வெக்கற இடம் அது இல்ல. "எனக்கு இந்தப் பிரச்சனை இருக்கு, வைத்தியம் எடுத்துக்கறேன், இந்த நாள்ல இந்த நேரம் நான் இருக்க மாட்டேன்" இவ்ளோ போதும் ஆரம்பத்துல. பழசெல்லாம் ஒண்ணு விடாம சொல்லி மன்னிப்பு கேக்கறதுக்கு பன்னிரண்டு படியிலயே ஒன்பதாவது இடம் தான் கொடுத்திருக்காங்க, அதுலயும் சொன்னா அவங்களுக்கோ வேற யாருக்கோ காயம்னா சொல்லாதன்னு சேத்தே எழுதியிருக்காங்க.

"இனிமே சத்தியமா குடிக்க மாட்டேன்"ன்னு மட்டும் சொல்லாதீங்க. எத்தன தடவ கேட்டிருப்பாங்க. "இன்னிக்கு குடிக்கல"ன்னு சொல்லுங்க, அது உண்மை.

அடிக்கற வீடா இருந்தா, குழந்தையப் பிரிச்சுடுவேன்னு மிரட்டற வீடா இருந்தா, மொதல்ல பத்திரம், அப்புறம் உண்மை. ஒரு வக்கீல், ஒரு கவுன்சிலர், இவங்ககிட்ட பேசாம அங்க எதையும் ஒத்துக்காதீங்க.

குழந்தைங்களுக்கு வயசுக்குத் தகுந்த மாதிரி. அவங்களுக்கு எல்லாம் தெரியும், பேரு தான் தெரியாது. "அம்மாவுக்கு ஒரு வியாதி, அது உன்னால வரல, உன்னால சரி பண்ணவும் முடியாது, அம்மா டாக்டர்கிட்ட போறேன்." அழாம சொல்ல முடியற அன்னிக்கு சொல்லுங்க, இல்லன்னா அந்தப் புள்ள உங்களத் தேத்த ஆரம்பிச்சிடும்.

7. சின்னப் பொய்ங்க

குடி போயும் பொய் போகாது, இத யாரும் எனக்கு முன்கூட்டி சொல்லல. சாப்டாமலே சாப்டேன்பேன், கிளம்பாமலே வந்துக்கிட்டு இருக்கேன்பேன், ஒரு பிரயோஜனமும் இல்லாத பொய். பழக்கம். சொல்லி முடிச்ச உடனே "இல்ல, நான் இன்னும் கிளம்பல"ன்னு திருத்திடுங்க. மொத ஒரு மாசம் பைத்தியக்காரி மாதிரி இருக்கும்.

"எப்படி இருக்க"ன்னா "நல்லா இருக்கேன்"ங்கறதும் இதுல சேத்தி. பசியா, கோவமா, தனியா இருக்கேனா, அசதியா, இந்த நாலையும் பாத்துட்டு பதில் சொல்லுங்க. குடிக்கற வெறி வர்ற நேரத்துல முக்கால்வாசி இந்த நாலுல ஒண்ணு இருக்கும், அந்த வெறியும் அலை மாதிரி தான், அரை மணி நேரம் தாக்குப் பிடிச்சா பெரும்பாலும் இறங்கிடும்.

8. வழுக்கி விழுந்தா

விழலாம். விழாம போறவங்களும் உண்டு. ஆலன் மார்லட்ங்கற சைக்காலஜிஸ்ட் கவனிச்ச விஷயம், ஒரு கிளாஸ் குடிச்சவங்கள முழுசாக் கவிழ்க்கறது அந்த ஒரு கிளாஸ் இல்ல, "போச்சு, எல்லாம் போச்சு, நான் இவ்ளோ தான்"ங்கற நினைப்பு தான். அதனால ஒரே ரூல், 24 மணி நேரத்துக்குள்ள அந்த ஒரு பொண்ணுக்கு போன் பண்ணணும். மெசேஜ் கூட போதும், "குடிச்சுட்டேன்"னு ஒரே வார்த்தை, விளக்கம் எல்லாம் அப்புறம். ஊசி, அபின் வகை போதையில இருந்து வந்தவங்க இன்னும் கவனமா இருக்கணும், கொஞ்ச நாள் நிறுத்தின பிறகு உடம்பு பழைய அளவத் தாங்காது, பழைய அளவையே எடுத்து தான் நிறைய பேர் செத்துப் போறாங்க.

9. மத்தவங்களுக்கு

ஆபீஸ், சொந்தபந்தம், பழைய ஃப்ரெண்ட்ஸ், இவங்களுக்கு நீங்க சொல்லியே ஆகணும்னு ஒண்ணும் இல்ல. சொல்லாம இருக்கறது வேற, பொய் சொல்றது வேற. எங்கயாவது பார்ட்டியில ஏன் குடிக்கலன்னு கேட்டா மொதல்லெல்லாம் நான் ஆன்டிபயாட்டிக் சாப்பிடறேன்னு கதை விடுவேன், அப்புறம் அதே ஆள் அடுத்த மாசம் "இன்னுமா சாப்பிடற"ன்னு கேட்டப்ப முழிச்சேன். இப்ப "எனக்கு வேணாம்ங்க"ன்னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடறேன், பெரும்பாலான ஆளுங்களுக்கு உங்க கிளாஸப் பத்தி ரெண்டாவது கேள்வி கேக்கற அளவுக்கு அக்கறை கிடையாது. போன உடனே தண்ணியோ ஜூஸோ நீங்களே வாங்கி கையில பிடிச்சுக்கோங்க, கை காலியா இருந்தா தான் யாராவது எதையாவது ஊத்திக் கொண்டு வந்து நீட்டுவாங்க.